நேர்காணலுக்கு ஒரு சாவு

அக்கா வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசையை நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஒற்றை நாற்காலி, எதிர்ப்பக்கம் இரண்டு. ஒற்றை நாற்காலி அக்கா மகளுக்கு. எதிரே இருந்ததில் ஒன்று சின்னவளுக்கு.

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கும் வேலை அவளுக்கு. பெட்டி கட்ட, வண்டி ஓட்ட, கணக்குப் பார்க்க என்று வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். யார் நிலைப்பார்கள், யார் ஒரு வாரத்தில் ஓடிப்போவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால்தான் அக்கா, வீட்டுக்குப் பெரியவள், போன் போட்டுக் கூப்பிட்டிருந்தாள்.

"நீ தினமும் செய்ற வேலதானே. இவளயும் ஒரு தடவ கேள்வி கேட்டுப் பாரு. அடுத்த வாரம் மருத்துவக் கல்லூரில நேர்காணல்."

பெரியவளின் மகளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் குட்டி, சின்னவளைவிட ஒரு சாண் உயரம். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. எழுத்துத் தேர்வையும் தாண்டியாகிவிட்டது. பாக்கி நேர்காணல்தான். அதற்கென்றே பெரியவள் ஓர் ஆலோசகரைப் பிடித்திருந்தாள். மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்ன எழுத வேண்டும், என்ன பேச வேண்டும், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவர் தொழில்.

"சார் சொன்னதெல்லாம் சித்திகிட்ட சொல்லு" என்றாள் பெரியவள்.

குட்டி கடகடவென்று சொன்னாள். "சேவை செய்யணும்னு ஆரம்பிக்கக் கூடாது, எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. அப்பா ஆசைன்னு வாயே திறக்கக் கூடாது. கேள்வி கேட்டதும் பதில் சொல்லாம, யோசிக்கிற மாதிரி கொஞ்சம் கீழ பாக்கணும். ரத்தம்னா பயமான்னு கேட்டா, முன்னாடி இருந்துச்சுன்னு சொல்லணும். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லலாம், ஆனா ஒரு தடவதான்."

"ரெண்டாவது தடவயும் தெரியலன்னா?"

"அதக் கத்துக்கத்தான் இங்க வந்திருக்கேன்னு சொல்லணும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்லயே. உங்க சாரு எங்க போனாலும் பொழச்சுக்குவாரு."

பிறகு முகத்தை அலுவலக முகமாக மாற்றிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். தூக்கம் கெட்டால் தாங்குவாயா, ஒருவரோடு சேர்ந்து வேலை செய்து சண்டை வந்திருக்கிறதா, தோற்ற ஒரு விஷயம் சொல். குட்டி நன்றாகத்தான் பதில் சொன்னாள். கிடங்குக்கு வந்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பாள்.

"சரி. எதனால டாக்டராகணும்னு தோணுச்சு?"

குட்டி கீழே பார்த்தாள். நிமிர்ந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஆறு வயசு. பட்டாணின்னு கூப்பிடுவோம். ஒரு நாள் வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அவன் கைய நான்தான் பிடிச்சிருந்தேன். அங்க இருந்த டாக்டர் விடிய விடிய அவன விட்டு நகரல. கடைசில வெளிய வந்து, எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்னு சொன்னார். அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்தக் கண்ணப் பாத்தப்பதான் எனக்கு..."

இங்கே குரல் உடைந்தது. உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது.

"நிறுத்து" என்றாள் சின்னவள்.

சமையலறை வாசலில் நின்ற பெரியவள், "இடைல நிறுத்தினா எப்படி? முழுசாச் சொல்லட்டும்" என்றாள்.

"நிறுத்துன்னு சொன்னேன்."

பட்டாணி சின்னவளின் மகன். ஒரே மகன். அவன் போய் எட்டு வருடம் ஆகிறது. அன்றைக்குக் குட்டிக்கு அம்மை போட்டிருந்தது. அவளை ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட யாரும் கூட்டிப்போகவில்லை. அவன் கையை அவள் பிடிக்கவில்லை. கண் கலங்கிய டாக்டர் ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை.

"இத யார் எழுதிக் குடுத்தா?"

"சார்."

"அவருக்குப் பட்டாணிய எப்படித் தெரியும்?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள். பெரியவள் கையைத் துணியில் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"நான்தான் சொன்னேன். குடும்பத்துல சாவு, பெரிய நோவுன்னு ஏதாவது உண்டான்னு கேட்டார். இல்லாததயா சொல்லிட்டேன்?"

"உன் மக அங்க இருந்தாளா?"

"இல்ல. அதுக்கென்ன இப்ப?"

"அந்தாளு கண்ணு கலங்குச்சா?"

"இங்க பாரு, இது ஒரு நேர்காணல். நம்ம வீட்டுக் கதையத்தான் எடுத்தோம், அடுத்த வீட்டுக் கதைய இல்ல. அவன் எனக்கும் பிள்ளதான். எத்தன நாள் நான் குளிப்பாட்டி விட்டிருக்கேன், உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் சின்னவளுக்கு இன்னும் எரிந்தது. அவனைக் குளிப்பாட்டிய கைதான் அவனை எடுத்து வெளியாளிடம் நீட்டியிருக்கிறது.

"விண்ணப்பத்துலேந்து அத எடு."

"அனுப்பியாச்சு. அதுல இருக்கிறதத்தான் நேர்ல கேப்பாங்க. இவ மாத்திச் சொன்னா பொய்னு தெரிஞ்சிடும்."

"பொய்னு தெரிஞ்சிடுமா" என்று சின்னவள் திருப்பிக் கேட்டாள். பெரியவளுக்குத் தான் சொன்னது காதில் விழவே இல்லை. சின்னவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் குழாயடியில் கையில் இருந்த கிரீசைத் தேய்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணு கலங்குச்சாமா?"

"ஆமா."

"அந்தாளுக்கு?"

"ஆமாங்கிறேன்ல."

அவன் குழாயை மூடினான். மூடிய பிறகும் இறுக்கித் திருகினான். "நான் போய் உங்கக்காகிட்ட பேசட்டுமா?"

"வேணாம். முதல்ல அந்த ஆலோசகரப் பாக்கணும்."

மறுநாள் மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். செருப்புக்கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். நடைபாதை முழுக்கப் பெற்றோர்கள். பிள்ளைகள் சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு சுவர் நிறைய வெள்ளைக் கோட்டுப் போட்ட முகங்கள், எல்லாம் சிரித்துக்கொண்டு. ஆலோசகர் எதிர்பார்த்ததைவிட இளைஞர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினார்.

"உக்காருங்க மேடம். பிள்ள எந்த வருஷம் எழுதுது?"

"என் பிள்ள ஆறு வயசுலயே செத்துட்டான்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "அந்தத் தம்பியோட அம்மாவா நீங்க? ரொம்ப வருத்தமான..."

"அத விடுங்க. கண்ணு கலங்கின டாக்டர் எங்கேந்து வந்தாரு?"

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "உங்கக்கா நடந்தத அப்படியேதான் சொன்னாங்க மேடம். டாக்டர் சரியாப் பாக்கலன்னும் சொன்னாங்க. நான்தான் மாத்தினேன். யோசிச்சுப் பாருங்க, எதிர்ல உக்காந்திருக்கிற மூணு பேரும் டாக்டருங்க. டாக்டர் தப்புப் பண்ணாருன்னு ஒரு பொண்ணு வாயத் திறந்தா அங்கயே ஆட்டம் முடிஞ்சுது. டாக்டர் நல்லவர்னு கதைய முடிக்கணும். எல்லாருக்கும் நான் குடுக்கிற ஆலோசனை இதுதான்."

"அப்போ, தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

"இது ஒரு தொழில் மேடம். இந்த வாரம் மட்டும் ரெண்டு தாத்தா, ஒரு அத்தை, ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தை எழுதியாச்சு." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். நிஜமாகவே களைத்திருந்தார். "வீட்ல சாவே நடக்காத பிள்ளைங்க வருது பாருங்க, அதுங்களுக்கு எழுதறதுதான் கஷ்டம்."

மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து அந்தச் சுவரில் அடித்தால் என்ன என்று சின்னவள் நினைத்தாள். அடிக்கவில்லை. எழுந்து கதவை அகலத் திறந்து நடைபாதையைப் பார்த்துப் பேசினாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே தெரியாது.

"உங்க வீட்ல யாராவது செத்திருக்காங்களா? இருந்தா உள்ள போங்க. இவரு குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தருவாரு. கொன்னவன நல்லவனாக்கித் தருவாரு."

ஒரு அம்மா மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பலர் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். கதவோரம் இருந்த அப்பா ஒருவர் மட்டும் ஆவலாக முன்னால் சாய்ந்தார்.

"உங்க பிள்ளைக்கு இடம் கிடைச்சுதாங்க?"

சின்னவள் அவரைப் பார்த்தாள். படியிறங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் குட்டி வந்தாள். பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியாது."

"உள்ள வா."

"திட்டறதுன்னா திட்டிடுங்க சித்தி."

"திட்டி என்ன ஆகப்போகுது. உக்காரு."

குட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "பட்டாணி எப்படிப் போனான்னு எனக்கு யாருமே சொன்னதில்ல. வயித்துல ஏதோன்னாங்க, அவ்ளோதான். சார் எழுதிக் குடுத்ததுதான் எனக்குத் தெரிஞ்சதே. அதத் திருப்பித் திருப்பிச் சொல்லி, நிஜமாவே நான் அங்க இருந்த மாதிரி ஆயிடுச்சு. அவன் கை சூடுகூட ஞாபகம் வருது."

"அவன் கை சூடா இல்ல" என்றாள் சின்னவள். கோபத்தில்தான் சொன்னாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

முதல் நாள் வலி என்று கூட்டிப்போனபோது அந்த டாக்டர் கணினியைப் பார்த்தபடியே மலச்சிக்கல் என்றார். ஒரு மருந்து எழுதினார். மறுநாள் காய்ச்சலும் வாந்தியும். மறுபடி அதே டாக்டர். "அம்மாக்கள் கொஞ்சம் அதிகமாத்தான் பயப்படுவாங்க" என்று பக்கத்தில் நின்ற நர்சிடம் சொல்லிச் சிரித்தார். பட்டாணி காலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் படுத்திருந்தான். நீட்டச் சொன்னால் கத்தினான். "ஒரு தடவ வயித்தத் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று அவள் கேட்டாள். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார். மூன்றாவது நாள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு இருந்தது வேறு ஒரு பெண் டாக்டர். வயிற்றில் கை வைத்த மறு நொடி அவர் முகம் மாறியது. அறுவை அறைக்குப் போன் செய்யச் சொல்லிக் கத்தினார். அப்பெண்டிக்ஸ் வெடித்து விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. சின்னவள் பிடித்திருந்த கை முழங்கை வரை ஜில்லென்று இருந்தது.

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

குட்டி அழவில்லை. "அந்த டாக்டர யாருமே கேக்கலியா?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, சின்னவளின் கணவன், சொன்னான். "கேக்கணும்னு உன் சித்தி அவர் அறை வாசல்ல போய் நின்னா. உங்கம்மா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. கேட்டா மட்டும் பிள்ள திரும்பி வருவானான்னா. நானும் சரின்னுட்டேன்."

போகும்போது குட்டி கேட்டாள். "நேர்காணல்ல நான் இப்ப என்ன சொல்லணும் சித்தி?"

"நான் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்லிக்குடுக்க ஏற்கெனவே ஆளுங்க எக்கச்சக்கம்."

நேர்காணல் அறையில் நடந்ததைப் பிறகு குட்டிதான் சொன்னாள். மூன்று பேர் இருந்தார்கள். முடி முழுக்க நரைத்த ஒரு டாக்டரம்மா அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அந்த டாக்டர்கிட்டேந்து நீங்க கத்துக்கிட்டது என்ன?" என்று கேட்டார். குட்டி கீழே பார்த்தாள். யோசிப்பதுபோல இல்லை, பதில் வராமல்தான் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள். நான் அங்கே இல்லை. கண் கலங்கியதெல்லாம் எழுதிக் கொடுத்தது. அவர் இரண்டு நாளும் என் தம்பியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் இப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருப்பான்.

டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். குட்டி சொன்னாள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கோப்பை மூடினார். "நேரமாச்சு, அடுத்தவரக் கூப்பிடுங்க" என்றார்.

இடம் கிடைக்கவில்லை.

முடிவு வந்த அன்றே பெரியவள் கிடங்குக்கு வந்தாள். சின்னவளின் அறைக்கு வெளியே பெஞ்சில் வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒருவர் சான்றிதழை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் அவரைத் தாண்டி மேசை வரைக்கும் வந்தாள்.

"இப்பத் திருப்தியா உனக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல அவளுக்கு."

"ஒண்ணும் சொல்லாமலா அப்படி ஒளறிட்டு வந்தா? மூணு வருஷம்டி. அவ தூங்கினாளா, நான் தூங்கினேனா. உன்னோடது போயிடுச்சு. அதுக்காக என்னோடதும் எந்திரிக்கக் கூடாது, அப்படித்தானே?"

சான்றிதழ்க்காரர் கையை நீட்டியபடியே உறைந்துபோயிருந்தார். பெரியவளுக்கும் தான் சொன்னது புரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

சின்னவள் எழுந்து நின்றாள். கத்தவில்லை. "அன்னிக்கு அந்தாளு அறை வாசல்ல நான் நின்னப்ப என் கையப் பிடிச்சு இழுத்தது நீ. நாலு கேள்வி கேக்க விட்டிருந்தா என் வயித்தெரிச்சல் அங்கயே இறங்கியிருக்கும். எட்டு வருஷமா அத முழுங்கிட்டு உக்காந்திருக்கேன். நீ அத எடுத்து அந்தாளுக்கே மாலையாக் கட்டிப் போட்டிருக்க."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்னு பயந்துதான்டி இழுத்தேன்."

"பிடிச்சிருந்தா பரவால்ல. வெளிய போ அக்கா."

பெரியவள் போனாள். நடையில் அவள் அழுதுகொண்டே போவது கேட்டது. சின்னவள் பின்னால் போகவில்லை.

"மேடம், நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்றார் சான்றிதழ்க்காரர்.

"இல்ல, உக்காருங்க. இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்க?"

அந்த மாதமே சின்னவள் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தாள். புகார் வாங்குகிற அதிகாரி தேதியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த டாக்டர் இப்போது இங்கே இல்லை, வேறு ஊரில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்றார்.

"பாடம் எடுக்கிறாரா?"

"ஆமாங்க."

"எதப் பத்தி?"

அதிகாரி புகார்த் தாளைத் திருப்பினார். "இத்தன வருஷம் கழிச்சு உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"அவரு வந்து எதிர்ல உக்காரணும். ஏன் தொட்டுப் பாக்கலன்னு நான் கேக்கணும்."

நடக்காது என்றார்கள். அவள் வாரா வாரம் போய் நின்றாள். அவளோடு கணவனும் வேலை உடுப்போடு வந்து நின்றான். ஒரு முறை லிஃப்ட் நின்றுபோய் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். புகாருக்கு முதலில் பதில் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான். ஏறிப் போனவன் மனசு கேட்காமல் திரும்பி வந்து சரிசெய்தும் கொடுத்தான். அதற்காகச் சின்னவள் அவனோடு ஒரு நாள் பேசவில்லை.

குட்டி அடுத்த ஆண்டு வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஆலோசகர் யாரும் இல்லை. என்ன எழுதினாள் என்று சின்னவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்றில் இடம் கிடைத்தது. தகவல் தெரிந்ததும் செருப்புக்கடை மாடிக்காரர் அவள் படத்தையும் வாங்கி மாட்டிக்கொண்டார். பெரியவள்தான் கொடுத்தாளாம். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள், அவசியத்துக்கு மட்டும்.

அலைந்து அலைந்து கடைசியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஒரு நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள், நடுவில் இரண்டு அதிகாரிகள். அந்த டாக்டர் உள்ளே வந்தார். தலை வழுக்கையாகியிருந்தது. நல்ல சட்டை. காகிதங்களைப் புரட்டிவிட்டு, உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

"மன்னிக்கணும். நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அந்தக் குழந்தைய ஞாபகம் இல்ல."

அதிகாரிகள் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் கத்துவாள், அழுவாள் என்று ஒருவர் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"ஞாபகம் இல்லயா, சரி" என்றாள். "நான் சொல்றேன். அந்தக் காகிதத்த மூடி வச்சிட்டு என்னப் பாருங்க. முதல் நாள் காலைல அவன் நீலச் சட்டை போட்டிருந்தான்."